அபிஷேகப் பாலும் பசுவின் மடியும்

ஜேர்மனியில் வாழும் சைவ அன்பர்கள் திருக்கோயிலுக்குப் புறப்படும்போது பூவுக்கும் பழத்துக்கும் அடுத்தபடியாகக் கையிற் கொண்டு செல்வது பால். வெள்ளிக்கிழமையென்றாற் சில பெட்டிகள், பிரதோஷமென்றால் அதற்கு மேல், திருவிழாக் காலமென்றால் அடுக்கடுக்காகப் பால்ப் பெட்டிகள். நொர்த்ரைன்-வெஸ்ற்ஃபாலன் மாநிலத்து ஹம் நகரில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் முதல், வாடகைக் கட்டடமொன்றின் மூலையில் நடைபெறும் சிறு கோயில்வரை இந்த வழக்கம் ஒன்றே.

அந்தப் பாலைப் பற்றி அன்பர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒரு சாரார், கடையில் விற்கும் பெட்டிப் பால் பாலேயல்ல, அதில் ஆடை படிவதில்லை, தயிர் ஊரிற்போல உறைவதில்லை, ஆகவே சுவாமிக்கு ஆகாது, பண்ணையிற் போய்க் கறந்த பாலை வாங்கி வரவேண்டும் என்பார்கள். மற்றொரு சாரார், பால் எல்லாம் ஒன்றுதான், எது மலிவோ அதை வாங்கி ஊற்றினாற் போதும், மனந்தானே முக்கியம் என்பார்கள். முதற் சாராரிடம் பக்தி உண்டு, இரண்டாம் சாராரிடம் சிக்கனம் உண்டு. இரு சாரார் பேச்சிலும் இல்லாதது பசு. பால் எந்த மாதத்திற் கறந்தது, என்ன தின்ற பசு தந்தது, அதன் மடி சுகமாக இருந்ததா என்று கேட்போர் மிகச் சிலரே. ஊரில் வீட்டுக்குப் பின்னாற் கொட்டிலில் மாடு கட்டியிருந்த காலத்தில் இக்கேள்விகளை எவரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. விடை கண் முன்னால் நின்றது.

பால் ஆண்டு முழுவதும் ஒரே பொருளன்று. ஜேர்மனியிற் பண்ணைகளிலிருந்து சேகரிக்கப்படும் பாலிற் கொழுப்பு குளிர்காலத்தில் 4.3 வீதத்தை ஒட்டியும், ஆனி ஆடி மாதங்களில் 4 வீதத்தை ஒட்டியும் நிற்கும். புரதமும் அவ்வாறே குளிர்காலத்தில் ஏறி, கோடையில் இறங்கி 3.4 வீதத்தை அண்டி வரும். சீனிச் சத்தாகிய லக்ரோஸ் மாத்திரம் ஏறத்தாழ அசையாமல் இருக்கும். காற் பங்கு வீதம், அரைக் காற் பங்கு வீதம் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். பண்ணைக்காரருக்கு அது அற்பமன்று. இந்நாட்டிற் பாலின் விலை 4.0 வீதக் கொழுப்பையும் 3.4 வீதப் புரதத்தையும் அடிப்படையாக வைத்தே கணக்கிடப்படுகிறது. அதற்கு மேலானாற் கூட்டிக் கொடுப்பார்கள், கீழானாற் குறைத்துக் கொடுப்பார்கள். ஊரிற் பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்று விரலில் தொட்டுப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் ஒன்றை அறிந்தால் மகிழ்வார்கள். இங்கே அந்தச் சோதனையை உறைநிலை செய்கிறது. பால் பூச்சியத்துக்கு அரைப் பாகையளவு கீழேதான் உறையும். தண்ணீர் சேர்ந்தால் உறைநிலை பூச்சியத்தை நோக்கி ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

கோடையிற் பால் ஏன் மெலிகிறது? முதற் காரணம் புல். சித்திரை வைகாசியில் மாடுகளைப் புற்றரைக்கு அவிழ்த்து விடும்போது அங்கே இருப்பது இளம் புல். அதில் இனிப்பும் நீரும் அதிகம், நார் குறைவு. பசு நாரைத் தின்று, அசைபோட்டு, முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அசற்றிக்கமிலத்திலிருந்தே மடி பெருமளவு கொழுப்பைச் செய்கிறது. நார் குறைந்தால் அந்த அமிலம் குறையும். அமிலம் குறைந்தாற் கொழுப்புக் குறையும். வைக்கோலையும் காய்ந்த புல்லையும் தின்று மெல்ல மெல்ல அசைபோட்ட ஊர் மாட்டின் பால், அளவிற் சிறிதாயினும் ஆடை தடிப்பாகப் படிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாற் பச்சைப் புல்லுக்கு வேறொரு கொடை உண்டு. அதிலுள்ள கரோட்டின் என்னும் மஞ்சட் பொருள் பாலில் இறங்கும். கோடை வெண்ணெய் மஞ்சளாகவும் மென்மையாகவும் இருப்பதும், குளிர்கால வெண்ணெய் வெளிறி இறுகி இருப்பதும் இதனாலேயே. எருமை கரோட்டினை முழுவதும் மாற்றிவிடுவதால் அதன் நெய் எக்காலத்திலும் வெண்மை. கடையில் வாங்கிய வெண்ணெய் மார்கழியில் நிறம் குறைந்துவிட்டதென்று கலப்படம் சொல்லும் இல்லத்தரசிகள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் வெயில். மனிதர் இதமென்று உணரும் வெப்பநிலை இங்குள்ள கறவைப் பசுவுக்கு இதமன்று. ஐந்து பாகையிலிருந்து பதினைந்து பாகை செல்சியஸ்வரை அதற்குச் சுகம். இருபத்துநான்கு, இருபத்தைந்து பாகை தாண்டினால், அதுவும் காற்றில் ஈரம் கூடினால், அது துன்பப்படத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு எண்ணாயிரம் லீற்றருக்கு மேல் பால் தரும் உடல் ஓர் அடுப்பைப் போன்றது. தின்ற தீனி வயிற்றிற் புளிக்கும்போதே சூடு பிறக்கிறது. வெளியே சூடு, உள்ளே சூடு என்றானதும் பசு தீனியைக் குறைத்துக்கொள்ளும், அசைபோடுவதைக் குறைக்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். பாலும் குறையும், பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் குறையும். 2018ஆம் ஆண்டின் நீண்ட கோடையையும், 2019 யூலை 25ஆந் திகதி டூயிஸ்பேர்க் நகரின் பேர்ல் பகுதியிலும் தொனிஸ்ஃபோர்ஸ்ற் நகரிலும் 41.2 பாகை பதிவானதையும் இம்மாநிலத்துத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாடிவீடுகளில் மின்விசிறி தேடி அலைந்த அந்த நாட்களிற் கொட்டிலிற் பசுக்களும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. யாழ்ப்பாணத்து வெயிலில் மாடு மேயவில்லையா என்று கேட்கலாம். மேய்ந்தது உண்மை. அது திமிலும் தொங்குதாடியும் உள்ள நாட்டு மாடு, ஓரிரண்டு லீற்றர் கறந்த மாடு. கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்ரைன் பசுவை அதனோடு ஒப்பிடுவது பொருந்தாது.

இனி மடி. கோடையிற் பாலின் சத்துக் குறைவது இயற்கை. அதனால் எவருக்கும் தீங்கில்லை. மடி நோகுமானால் அது வேறு விடயம். சுகமான மடியின் பாலில் ஒரு மில்லிலீற்றருக்கு ஓர் இலட்சத்துக்குக் குறைவான கலங்களே இருக்கும். கிருமி உட்புகுந்தால் அதனை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெண்கலங்கள் படை படையாக மடிக்குள் இறங்கும். எண்ணிக்கை பல இலட்சமாகும். ஆகவே பாலிலுள்ள கலங்களை எண்ணினால் மடி படும் பாட்டை அறியலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பண்ணையின் பாலில் மூன்று மாதச் சராசரி நான்கு இலட்சத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கிருமிகளின் எண்ணிக்கைக்கோ எல்லை ஓர் இலட்சம். இவற்றைத் தாண்டிய பண்ணை குறித்த தவணைக்குள் சரிசெய்யாவிடிற் பால் எடுப்பது நிறுத்தப்படும்.

இந்தக் கல எண்ணிக்கை ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் மேலேறுவது வழக்கம். ஈரமும் சூடும் கலந்த படுக்கையிற் கிருமி பெருகும், ஈ பெருகும், வெயிலால் நலிந்த பசுவின் எதிர்ப்புச் சக்தி குறையும். கறந்து முடிந்ததும் முலைக்காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை, அரை மணி நேரமளவுக்குத் திறந்தே கிடக்கும். அந்நேரத்தில் மாடு அழுக்கிற் படுத்தாற் கிருமிக்குக் கதவு திறந்து வைத்தது போலாகும். அதனாலேதான் நல்ல பண்ணைக்காரர் கறந்தவுடன் புதுத் தீனி போட்டு மாட்டை நிற்க வைக்கிறார். வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் பக்கத்துப் புற்றரைகளில், கோடையில், கறவை வற்றிய பசுக்களையும் இன்னும் கன்று ஈனாத கிடாரிகளையும் ஈக்களினால் பரவும் மடி நோயொன்று தாக்குவதுண்டு. அந்நாட்டுப் பழைய மிருக வைத்திய நூல்களில் அதற்கு ஹோல்ஸ்ரைன் மடிக் கொள்ளைநோய் என்றே பெயர். கெட்ட நாற்றமுள்ள சீழ் வடியும். காப்பாற்றினாலும் மடியின் அந்தக் கால்பங்கு பெரும்பாலும் பாலுக்கு உதவாது போய்விடும். புற்றரை என்றாற் சுகம், கொட்டில் என்றால் துன்பம் என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்பவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனாலும், நல்ல நிலமும் நிழலும் கவனிப்பும் இருந்தாற் பசுவின் காலுக்கும் மூச்சுக்கும் புற்றரையே மேல் என்பதில் ஐயமில்லை. ஜேர்மனியின் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கறவைப் பசுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை இன்று புற்றரையைக் காண்பதில்லை என்பதும் உண்மை.

நோயுற்ற மடியின் பாலை நாக்கே கண்டுபிடிக்கும். மடியின் திசு சிதையும்போது லக்ரோஸ் குறைகிறது. இரத்தத்திலுள்ள உப்பு பாலினுட் கசிகிறது. இனிக்க வேண்டிய பால் உவர்க்கும். இன்று கறவை இயந்திரங்கள் மடியின் நான்கு பாகத்துப் பாலிலும் மின்சாரம் எவ்வளவு இலகுவாய்ப் பாய்கிறது என்று அளப்பது இந்த உப்பைப் பிடிப்பதற்கே. அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு ஷால்ம் என்பவரும் நூர்லாண்டர் என்பவரும் வெளியிட்ட சோதனை இன்னும் எளிது. நான்கு குழியுள்ள ஒரு தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பீச்சி, சவர்க்காரத் தன்மையுள்ள ஒரு திரவத்தைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுள்ள பால் கஞ்சிபோலத் தடித்துவிடும். ஜேர்மன் பண்ணைகளில் இன்றும் ஷால்ம் சோதனை என்றே அதற்குப் பெயர். அத்தோடு மடிநோய்ப் பாலிற் பாற்புரதத்தைக் கரைக்கும் நொதியம் பெருகுவதாற் தயிர் இறுகாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்த பசுவின் பால் உறையே மாட்டாது, உறையிலுள்ள நல்ல கிருமியும் செத்துவிடுமாதலால். அதனால்தான் மருந்து கொடுத்த நாட்களுக்குப் பாலை வேறாகக் கறந்து அகற்ற வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. பண்ணைப் பாலில் மருந்தின் மிச்சம் உண்டா என்று ஆலைகளும் சோதிக்கின்றன.

இவ்வளவும் ஆலயத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். கடைப் பெட்டியிலுள்ள பாலில் இந்த ஏற்றவிறக்கம் எதுவும் தெரிவதில்லை. ஆலையில் எல்லாப் பண்ணைப் பாலும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, கொழுப்பு பிரிக்கப்பட்டு, 3.5 வீதம் என்றோ 1.5 வீதம் என்றோ திரும்பவும் சேர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆவின் நீல நிறப் பொட்டலம் 3 வீதம் என்பதும் இவ்வகையே. கொழுப்புத் துளிகள் நுண்ணிதாக உடைக்கப்படுவதால் மேலே எழுந்து ஆடையாவதில்லை. ஆடை படியாதது களவுமன்று, கலப்படமுமன்று. அது இயந்திரத்தின் வேலை. ஆகவே முதற் சாரார் குற்றச்சாட்டிற் பாதி இங்கேயே விழுந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு மருந்தும் கடையிலேயே உண்டு. துளி உடைக்கப்படாத, 72 பாகையிற் பதினைந்து விநாடி மட்டும் சூடாக்கிய புதுப் பால் போத்தலிற் கிடைக்கிறது. மேய்ச்சற் பால் என்று எழுதிய பெட்டிகள் பலவற்றுக்கு, பசு ஆண்டில் 120 நாளாவது, நாளுக்கு ஆறு மணி நேரமாவது புற்றரையில் நிற்க வேண்டுமென்ற விதி உண்டு. அந்தச் சொல்லுக்குத் தனிச் சட்டம் இல்லையாகையாற் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். விலை சற்று அதிகம். பத்து லீற்றர் மலிவுப் பாலுக்குப் பதில் நான்கு லீற்றர் நல்ல பால் போதுமென்று முடிவு செய்தாற் செலவு ஏறாது.

பண்ணையிற் போய்ப் பச்சைப் பால் வாங்கி வரும் யோசனையே கவலை தருவது. ஆர்வத்தைக் குறைகூற முடியாது. விளைவைச் சொல்லியாக வேண்டும். இந்நாட்டுச் சட்டப்படி பண்ணைக்காரர் தம் சொந்தப் பசுக்களின் பாலை, அன்றோ முதல் நாளோ கறந்ததை, தம் பண்ணையில் வைத்தே நேரடியாக நுகர்வோருக்கு விற்கலாம். 'பச்சைப் பால், அருந்துமுன் காய்ச்சவும்' என்ற அறிவித்தல் விற்குமிடத்திற் கண்ணிற் படும்படி தொங்க வேண்டும். தனி அனுமதி பெற்று, கறந்த நான்கு நாட்களுக்குள் பயன்படுத்தும்படி அடைத்து விற்கும் பச்சைப் பால் வேறொன்று உண்டு. அதையும் பொதுச் சமையற்கூடங்களிற் கொடுக்கலாகாது. ஒரு சங்கம் பண்ணையிலிருந்து பாலைக் கொண்டுவந்து, அபிஷேகம் முடிந்ததும் உள்ளங்கையில் வார்த்து நூறு பேருக்குக் கொடுத்தால், காய்ச்சவும் என்ற அந்த எச்சரிக்கை பண்ணை வாசலிலேயே தங்கிவிடுகிறது. கை நீட்டும் குழந்தைக்கு அது தெரியாது.

அப்பாலில் இருக்கக்கூடியவை எவை? மடிக்குள்ளிருந்து வரும் கிருமிகள் ஒருபுறம். கறக்கும்போது சாணத்தின் வழியாகச் சேர்பவை மறுபுறம். பின்னவையே மிகவும் ஆபத்தானவை. கம்பிலோபக்ரர் என்னும் கிருமி, பண்ணை பார்க்கச் சென்று பச்சைப் பால் குடித்த பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டமாக நோயிற் தள்ளிய சம்பவங்கள் இந்நாட்டிலே பதிவாகியுள்ளன. ஈ.எச்.ஈ.சி என்று அழைக்கப்படும் கிருமி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்ய வல்லது. 2011ஆம் ஆண்டு வட ஜேர்மனியில் அதே வகைக் கிருமியால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அது பாலால் வந்ததன்று, முளைகட்டிய வெந்தயத்தால் வந்தது. எனினும் அக்கிருமி என்ன செய்யும் என்பதை நாடு அப்போதுதான் கண்டது. இதற்கும் பருவம் உண்டு. கிருமி பெருகும் கோடைதான் தேரும் தீர்த்தமும் நடக்கும் காலம். ஹம் நகரில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கூடும் தேர்த் திருவிழா கோடையின் தொடக்கத்திலேயே வருகிறது. வேறு பல ஆலயங்களின் திருவிழாக்கள் ஆனியையும் ஆடியையும் ஒட்டியவை.

ஊரிலும் பச்சைப் பால்தானே அபிஷேகம் ஆயிற்று, அதனால் எவர் மாண்டார் என்ற கேள்வி உடனே எழும். ஊரில் அதிகாலையிற் கறந்த பால் ஒரு நாழிகைக்குள் சுவாமி மேல் விழுந்தது. பசு இரண்டோ மூன்றோ. கறந்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். வீட்டிற் குடிப்பதற்கு எவரும் பச்சையாகக் கொடுத்ததில்லை, காய்ச்சியே கொடுத்தார்கள். கன்று ஈன்ற முதல் நாட்களின் கடும்புப் பாலைக்கூட அவித்துத்தான் உண்டார்கள். காய்ச்சும் பழக்கம் தமிழருடைய பழக்கம். பச்சைப் பால் குடிப்பது இயற்கை வாழ்வு என்று இன்று பேசுவது ஐரோப்பாவின் ஒரு புதுப் பேச்சு. அதை ஊர் வழக்கமென்று எண்ணி மயங்கக் கூடாது.

காய்ச்சாத பாலே அபிஷேகத்துக்கு உரியது என்று வற்புறுத்தும் குருமாரும் உளர். அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. பண்ணைப் பால் கிடைத்தால் அது திருமேனிக்கு மாத்திரம் ஆகட்டும். கோமுகியால் வழியும் அதனை எவரும் ஏந்திக் குடிக்காதிருக்கட்டும். அடியார்களுக்குக் கொடுக்கும் பால் வேறொரு பாத்திரத்தில், காய்ச்சி ஆறவைத்து, குளிரூட்டியில் வைத்து எடுத்ததாக இருக்கட்டும். நிவேதனமாக அதையே படைக்கலாம். கடைப் பாலென்றாலும் இந்த எச்சரிக்கை வேண்டும். காலை எட்டு மணிக்குத் திறந்த பெட்டி நண்பகல் பூசைவரை விளக்குச் சூட்டில் நின்றால், அதனுள் வளரும் சில கிருமிகள் நஞ்சை விட்டுச் செல்லும். மடிநோய்க்கும் மனிதர் கைப் புண்ணுக்கும் பொதுவான ஒரு கிருமியின் நஞ்சு, பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் அழியாதது. பரிமாறும் தொண்டர் விரலிற் காயம் இருந்தால் அன்றைக்குப் பூத் தொடுக்கும் தொண்டுக்குக்கூடப் போகாமல் விளக்கேற்றும் தொண்டுக்குப் போகலாம்.

அளவு பற்றியும் மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. நூறு லீற்றர் பால் வடிகாலிற் போனால் அது மறைந்துவிடுவதில்லை. பால் அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயுவையெல்லாம் உறிஞ்சிவிடும், மீனுக்கும் மிஞ்சாது. வாய்க்காற் கரையிலே தீர்த்தோற்சவம் நடத்தும் சமூகம் அந்த நீரைக் கெடுப்பது முறையன்று. அயலவர் முறைப்பாடும் நகரசபைக் கடிதமும் வந்தபின் யோசிப்பதிலும் பார்க்க முன்பே யோசிப்பது மரியாதை. ஒரு செம்புப் பாலிற் குறைவு காணும் தெய்வம் எதுவும் இல்லை.

எல்லாவற்றிலும் மேலாக, அன்பர்கள் அறிந்திருந்தும் பேசத் தயங்கும் விடயம் ஒன்று உண்டு. இந்நாட்டுக் கறவைப் பசு தன் இயற்கை ஆயுளைக் காண்பதில்லை. இருபது ஆண்டு வாழக்கூடிய உயிர் ஐந்தாறு வயதளவில் இறைச்சிக் கூடத்துக்குப் போகிறது. அவ்வாறு அனுப்பப்படுவதற்குப் பண்ணைகள் காட்டும் காரணங்களில் முன்வரிசையில் நிற்பவை மூன்று: சினைப்படாமை, கால் நோய், மடி நோய். பால் கூடக் கூட மடிக்குப் பாரம் கூடுகிறது. கல எண்ணிக்கை மீண்டும் மீண்டும் ஏறும் பசுவுக்கு மருந்துச் செலவிலும் புதுப் பசு இலாபம் என்று கணக்குச் சொல்கிறது. ஆகவே மடியின் சுகம் என்பது மிருக வைத்தியருக்கும் ஆலைக்கும் உரிய காரியமென்று சைவர்கள் ஒதுங்கிவிட முடியாது. பட்டிப்பொங்கலன்று பசுவின் நெற்றியிற் பொட்டிட்டுப் படத்தைப் பூசிப்பவர்களுக்கு அது சொந்தக் காரியமே. பசுவைப் பூசிக்கும் சமூகம் மலிவான பாலையே தேடி வாங்கினால், மலிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

இதனாற் பாலையே விட்டுவிட வேண்டுமென்பார் சிலர். இளைய தலைமுறையில் அவ்வாறு சொல்பவர்கள் பெருகுகிறார்கள். அவர்களை ஏளனம் செய்வது தகாது, அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் வற்ஃபோட் நகருக்கு அருகே பக்திவேதாந்த மேனர் என்னும் கிருஷ்ணர் ஆலயத்தில், பசுவையும் காளையையும் இறுதிவரை வளர்க்கும் கோசாலை நடைபெறுகிறது. ஜேர்மனித் தமிழ் ஆலயங்களுக்கு நிலமும் ஆளும் பணமும் அவ்வளவுக்கு இன்று இல்லை. இடைவழி ஒன்று இருக்கிறது. கன்றைத் தாயோடு சில மாதம் விட்டு, ஊட்டியபின் மீதியைக் கறக்கும் பண்ணைகள் இந்நாட்டில் ஆங்காங்கே தோன்றியுள்ளன. கன்றை ஊட்டவிட்டுக் கறப்பதென்பது ஊரில் எவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிராத முறை. இங்கே அதற்கு ஒரு நீண்ட ஜேர்மன் பெயர் வைத்து ஆராய்ச்சி நடத்துகிறார்கள். அத்தகைய பண்ணையொன்றோடு ஒரு கோயில் ஆண்டு முழுவதற்கும் உடன்பாடு செய்துகொள்வது நடக்காத காரியமன்று. வாரத்துக்கு இருபது லீற்றர் என்றாலும் சிறு பண்ணைக்கு அது நம்பிக்கையான வருமானம்.

அப்படிச் செய்யும் சபையார் பண்ணைக்கு இரு முறை போய் வரவேண்டும்: ஒன்று தை மாதம், மற்றது ஆடி மாதம். தையில் மாடு கொட்டிலில் நிற்கும். படுக்கை காய்ந்திருக்கிறதா, காற்று வருகிறதா, குளிரில் முலைக்காம்பு வெடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். பட்டிப்பொங்கலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிச் சென்றால் மாட்டைப் படத்தில் மாத்திரம் கண்டவர்கள் மூச்சுச் சூட்டையும் உணர்வார்கள். ஆண்டிற் கொழுப்பு மிகுந்த பால் அப்போதே கிடைக்கிறது என்பதால் பொங்கற் பானைக்கும் அது பொருத்தம். ஆடியில் நிழல் எங்கே, தண்ணீர்த் தொட்டி எத்தனை, ஈக்கு என்ன செய்கிறார் என்று கேட்கலாம். பண்ணைக்காரர் பெரும்பாலும் மகிழ்ந்து பதில் சொல்வார்; பால் வாங்குபவர் மடியைப் பற்றிக் கேட்பது அவருக்கு அபூர்வம். மாதாந்தப் பால்ச் சோதனையில் ஒவ்வொரு பசுவுக்கும் கொழுப்பு, புரதம், கல எண்ணிக்கை என்று எழுதிய தாள் அவரிடம் இருக்கும். கேட்டாற் காட்டுவார். எண்ணிக்கை ஓர் இலட்சத்தை ஒட்டி இருந்தால் அந்தக் கொட்டில் நல்ல கொட்டில். மூன்று இலட்சத்தைத் தாண்டினாற் காரணம் கேட்க வேண்டும். கொழுப்பு புரதத்திலும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பசு தீனி போதாமல் தன் உடற் கொழுப்பைக் கரைத்துப் பால் தருகிறது என்று பொருள். கன்று ஈன்ற முதல் வாரங்களில் அது நேர்வதுண்டு. வாங்கும் பாலை அங்கேயே குளிரவைத்த பாத்திரத்திற் பெற்று, நான்கு பாகைக்கு மேற் சூடேறாமல் கொண்டுவர வேண்டும். மூடியுள்ள உருக்குக் கான் இரண்டும், பனிக்கட்டிப் பெட்டி ஒன்றும் வாங்கச் சபையின் வருடாந்தக் கணக்கில் இடம் ஒதுக்கினாற் போதும். மடப்பள்ளியில் அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது.